சிறந்த வாசகர் மணிவேல்

எங்கள் கிளை நூலகத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பெண்கள்தான் இருப்போம். காலையில் வருகிற ஆண்கள் நாலு பேப்பரையும் வரி விடாமல் படித்து, ஆளுக்கொரு கட்சியாகச் சண்டை போட்டு, பசி எடுத்ததும் சமாதானமாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு கிரிவலப் பாதையை ஒட்டிய அந்த மஞ்சள் கட்டடம் ஐந்தரை வரைக்கும் எங்களுடையது. சமையலை முடித்து, துணி காயப்போட்டு, ஒவ்வொருவராக வந்து சேருவோம். ஆறு பேர், சில நாள் ஏழு.

மூன்று மின்விசிறி, நல்ல வெளிச்சம், நீள மேசை, சுவர் முழுக்கப் புத்தகம். கழிப்பறை மட்டும் இல்லை. ஆண்களுக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. பின்னால் காலி மனை இருந்தது. நாங்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். அப்படியும் முடியாமல் பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடுவோம். ஓடியவர்கள் திரும்பி வருவதில்லை. வீடு பிடித்துக்கொள்ளும்.

"கதை நல்ல எடத்துல இருக்கும்போதுதான் வரும் சனியன்" என்று பொன்னி அக்கா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புவாள். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். ஒரு நாளைக்குப் பத்துக் கழிப்பறை கழுவிவிட்டு வந்து, போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கே சிரிப்பாக இருக்கும்.

புதிதாக மாற்றலாகி வந்த நூலகர் அருணாதேவி வந்த வாரமே இதைக் கவனித்துவிட்டார். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். எங்களுக்காக யாரோ ஒருவர் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார் என்பதே எனக்கு அன்றைக்குப் பெரிதாக இருந்தது. மூன்று மாதம் கழித்து, அக்டோபர் கடைசியில் பதில் வந்தது.

"வேதாம்மா, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "இதப் படிங்க. மூணு மாசத்துக்கும் சேத்து பொம்பளைங்க வருகை பதினொண்ணாம். அதனால தனிக் கழிப்பறை அவசியம் இல்லயாம். நான் தினமும் ஆறு பேரப் பாக்குறேன். எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா?"

கடிதத்தோடு எங்கள் வருகைப் பதிவேட்டின் நகல்களையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வாசலில் மேசைமேல் இருக்கிற நோட்டு அது. வருகிறவர்கள் பெயரும் கையெழுத்தும் போட வேண்டும். அருணாதேவி விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"மணிவேல், சக்கரபாணி, முருகவேல், இளவரசன்... இவங்கள்லாம் எப்ப வர்றாங்க? காலைலயா?"

"இருக்கும் மேடம்" என்றேன்.

மணிவேல் என் கணவர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நூலக வாசலில் ஆயிரம் தடவை ஆள் இறக்கிவிட்டிருப்பார், படி ஏறியதில்லை. பதிவேட்டில் இருந்த மணிவேல் நான். சக்கரபாணி பொன்னி அக்கா. முருகவேல் எங்கள் தனம். இளவரசன், பரீட்சைக்குப் படிக்கிற தேவிப்ரியா; அது அவள் அண்ணன் பெயர்.

இதை ஆரம்பித்து வைத்தவளும் நான்தான். நாலு வருடத்துக்கு முன்னால், மகளின் கல்லூரி விண்ணப்பத்தைக் கணினியில் போட வேண்டும் என்று முதல் தடவை உள்ளே வந்தேன். உறுப்பினர் அட்டை இருந்தால் நல்லது என்றார்கள். கையில் இருந்தது அவருடைய ஆதார் நகல். அட்டை அவர் பெயரில் வந்தது. அன்றைக்கு இருந்த நூலகர், அட்டையில் இருக்கிற பெயரை நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். விண்ணப்ப வேலை முடிந்தது. மறுநாளும் போனேன். பிறகு வந்த ஒவ்வொருத்திக்கும் ரொம்பத் தெரிந்தவள் போல நானே சொல்லிக்கொடுத்தேன்: "அட்டை யாரு பேர்ல இருக்குதோ அந்தப் பேர எழுதிடு. கேள்வி வராது." அட்டை எடுக்காதவர்கள்கூட அப்படித்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று வீட்டு ஆண் பெயரை எழுதிவிட்டு உள்ளே வந்தார்கள். யாரும் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. அங்கேயே படித்து, அடையாளத்துக்கு ஒரு சீட்டு வைத்து, அங்கேயே விட்டுவிட்டு வருவோம். அதனால் யாரும் அட்டையை நீட்டவும் இல்லை, நாங்கள் யார் என்று புது நூலகருக்குத் தெரியவும் இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயில் "இருக்கும் மேடம்" வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தப் பொய்யை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கேஸ் புத்தகம், கரண்ட் பில், பள்ளிக்கூடத்து நோட்டு என்று எந்த வரிசையிலும் நான் மணிவேலாகத்தான் நின்றிருக்கிறேன். பழக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது மட்டும் இல்லை. அரிசி வாங்கப் போனால் அரிசியோடு வருகிறேன். மருந்துக்குப் போனால் மருந்தோடு வருகிறேன். நூலகத்திலிருந்து வெறுங்கையோடு வருகிறேன். இரண்டு மணி நேரம் எனக்கென்று உட்கார்ந்திருந்ததற்குக் காட்ட ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு காரியத்தை என் பெயரில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அவர் பெயரில் எழுதினால் ஏதோ வீட்டு வேலையாக வந்த மாதிரி இருக்கும். அந்தக் கூச்சத்தை நான் மற்ற ஐந்து பேருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இப்போது கழிப்பறையும் போயிற்று.

இரண்டு நாள் நூலகத்துக்குப் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் என் கணவர் சாப்பிட வரும்போது கையில் ஒரு அழைப்பிதழோடு வந்தார்.

"இன்னாடி இது? வாசகர் வட்டத் தலைவரு சக்கரவர்த்தி வாத்தியாரு ஸ்டேண்டுல வந்து குடுத்துட்டுப் போறாரு. நூலக வார விழாவாம். சிறந்த வாசகரு மணிவேலுக்கு பொன்னாடையாம். வருசத்துல இரநூத்தி பதினாலு நாள் வந்துகிறேனாம்."

நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இரநூத்தி பதினாலு நாள் நான் வண்டியே ஓட்டலியே. ஸ்டேண்டுல பசங்கள்லாம் ப்ரொபசர், ப்ரொபசர்னு கூப்பிடறானுங்க. நான் படிக்கிறதுன்னா முன்னாடி போற லாரி பின்னால எழுதிகிறததான் படிப்பேன். வேற எவனாச்சும் மணிவேல் இருப்பான்னு பாத்தா, நம்ம வூட்டு நம்பர் போட்டுகிது."

"அது நான்" என்றேன்.

"எது நீ?"

"இரநூத்தி பதினாலு நாளும் நான்தான். உங்க பேர எழுதிட்டு உள்ள போவேன்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "தினமுமா?"

"வெள்ளிக்கிழம லீவு."

"போயி?"

"படிப்பேன்."

"படிச்சு?"

"படிச்சிட்டு வருவேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "நீ மதியானத்துல தூங்குவன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "போன் பண்ணாகூட எடுக்கமாட்டியே, சரி தூங்கட்டும்னு வுட்டுடுவேன்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றிருந்தேன். அவருடையது இல்லாவிட்டால் என்னுடையது. இரண்டும் வரவில்லை. ஒரு மனிதர் நாலு வருடமாக என் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்று மறுபடி கூப்பிடாமல் விட்டிருக்கிறார். நான் தூங்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவர் ஏன் விட்டார் என்பது எனக்குத் தெரியாது.

"சரி, ஏன் எம்பேரு?" என்றார் கை கழுவும்போது. "தப்பு பண்ணிட்டு எம்பேர சொன்னாகூட ஞாயம் இருக்குது."

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கழிப்பறை என்னால் போயிற்று என்று சொன்னேன். "அப்ப போயி சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நானா கட்டித்தரப் போறேன்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அருணாதேவியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பதிவேட்டைத் திறந்து மணிவேல், மணிவேல் என்று பக்கங்களைத் திருப்பத் திருப்பச் சிரிப்பு நின்றுவிட்டது.

"பழைய நோட்டுல நான் கை வைக்க முடியாது வேதாம்மா. திருத்தினா என் வேலை போயிடும். இன்னையிலருந்து உங்க பேர எழுதலாம். ஆனா திரும்ப மூணு மாசம் பாத்து, திரும்ப எழுதி, அதுக்குள்ள இந்த வருசத்துக் கட்டட வேலைங்க பட்டியல முடிச்சிடுவாங்க." சற்று யோசித்தார். "விழாவுக்கு மாவட்ட நூலக அலுவலர் வர்றாரு. அவருகிட்ட நான் சொன்னா, நூலகர் தன் தப்ப மறைக்கிறாங்கன்னு நெனைப்பாரு. நீங்க சொல்லணும்."

"நானா?"

"வேற யாரு மணிவேலு?"

மற்றவர்களிடம் பேசினேன். தேவிப்ரியா உடனே சரி என்றாள். பொன்னி அக்கா, "எங்க வூட்டுக்காரரு பேருல நாலு வருசமா நல்ல பேரு வாங்கிக் குடுத்துகினு இருக்கேன், அந்த ஆளுக்கு இது போதாதா?" என்றாள். தனம் மட்டும் பேசவில்லை. அவள் எழுதுவது அவள் கொழுந்தனின் பெயர். முருகவேல்தான் அந்த வீட்டில் எல்லாம். மதியம் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறவள். நான் அவளை வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன தகுதி?

விழா அன்றைக்குக் கூடம் நிறைந்திருந்தது. தீபத் திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்ததால் ஊரில் ஏகப்பட்ட சவாரி. அதை விட்டுவிட்டு என் கணவர் எங்கள் எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, காக்கிச் சட்டையோடு வாசலிலேயே சாய்ந்து நின்றார். முன்வரிசையில் காலை நேரத்து ஆண்கள். இரண்டாவது வரிசையில் முருகவேல் உட்கார்ந்திருந்ததைத் தனம் எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். வாசகர் வட்டத்துக்குப் பந்தல் போட்டது அவர் ஆட்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

சக்கரவர்த்தி வாத்தியார் மைக்கைத் தட்டினார். "இந்த ஆண்டு முதல் எடம் பெறும் வாசகர், பதிவேட்டை நானே எண்ணிப் பார்த்தேன், திரு. மணிவேல்!" கைதட்டல். அவர் கண் வாசலுக்குப் போயிற்று. "அதோ நிக்கிறாரு! அடக்கமான மனுசன். வாங்க, வாங்க!"

இரண்டு பேர் எழுந்துபோய் என் கணவரைத் தோளைப் பிடித்து அழைத்து வந்தார்கள். "சார், நான் இல்ல சார், நான் ஆள் எறக்க வந்தேன்" என்று அவர் சொன்னது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. அலுவலர் பொன்னாடையை விரித்துவிட்டார். என் கணவர் குனிந்து, பொன்னாடைக்கு அடியில் நழுவி, இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்தார். என்னைக் காப்பாற்றுகிற பார்வை இல்லை அது. என்னைக் காப்பாற்றும்மா என்கிற பார்வை.

எழுந்தேன். கழிப்பறை வசதி, பெண் வாசகர் நலன் என்று வீட்டில் எழுதிப் பார்த்த வாக்கியங்கள் இருந்தன. மைக் முன்னால் போய் நின்றதும் அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"சார், அந்த மணிவேல் நான்தான். இவரு எங்க வூட்டுக்காரரு. தினமும் வர்றது நான். அட்டை அவரு பேர்ல இருக்குதுன்னு அவரு பேர எழுதிட்டேன். மத்தவங்களுக்கும் நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். அதனால நோட்டுல பொம்பளைங்களே இல்ல. ஆனா நாங்க இருக்கோம் சார். எங்களுக்கு ஒண்ணுக்குப் போவ எடம் இல்ல."

முன்வரிசை ஆண்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். என் குரல் ஒலிபெருக்கி வழியாக ரோட்டுக்கும் போயிருக்கும். காது சூடாயிற்று. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அலுவலர் பொன்னாடையைக் கையில் மடித்தபடி, "நீங்க சொல்றத நான் எப்படிம்மா நம்புறது?" என்றார். கடுமையாக இல்லை. உண்மையாகவே கேட்டார். வாத்தியாரின் கையிலிருந்த பட்டியலை வாங்கி, "சக்கரபாணி யாரு?" என்றார்.

"அது எங்க வூட்டுக்காரரு. வர்றது நானு" என்று பொன்னி அக்கா எழுந்தாள்.

"கடைசியா இன்னா படிச்சீங்க?"

"தேனீ வளக்கறது. பாதில இருக்கேன் சார். ராணி செத்துட்டா மத்ததுங்க இன்னா பண்ணும்னு வர்ற எடத்துல எழுந்து வூட்டுக்கு ஓடிட்டேன். இன்னும் தெரியல."

"ஏன் ஓடுனீங்க?"

"அதான் வேதா இப்ப சொல்லிச்சே சார், மைக்குல."

கூடம் சிரித்தது. அலுவலரும் சிரித்துவிட்டார். இளவரசன் என்றதும் தேவிப்ரியா எழுந்தாள். இன்னும் இரண்டு பெயர், இரண்டு பெண்கள். அடுத்து, "முருகவேல்?"

இரண்டாம் வரிசையில் முருகவேல் திரும்பிப் பார்த்தார். "நான் எங்கங்க இங்கல்லாம் வர்றேன்? வேற யாராச்சும் இருக்கும்." தனம் மடியில் கையைக் கோத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. பொன்னி அக்காவும் பார்க்கவில்லை. அலுவலர் ஒரு கணம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்த நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஒரே திசையில், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை.

அருணாதேவிதான் வழி சொன்னார். ஒரு வெள்ளைத்தாளில் நாங்கள் ஒவ்வொருவரும் நோட்டில் எழுதுகிற பெயரை எழுத வேண்டும். பக்கத்தில் சொந்தப் பெயர். நோட்டில் இருக்கிற எழுத்தோடு அலுவலரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நான் மணிவேல் என்று எழுதினேன். நாலு வருடப் பழக்கம், சரசரவென்று வந்தது. பக்கத்தில் வேதா என்று எழுதக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டே எழுத்து. எங்கே தொடங்குவது என்று பேனாவுக்குத் தெரியாத மாதிரி இருந்தது. என் கணவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "உன் பேரு எழுத்தவிட எம்பேரு எழுத்து நல்லாகிது" என்றார். அது உண்மைதான்.

பொன்னாடையை யாருக்குப் போடுவது என்று சிறிய குழப்பம். கடைசியில் எனக்குப் போட்டார்கள். சுண்டல் கொடுக்க ஆரம்பித்ததும் கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. அலுவலர் தாளையும் நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது தனம் மேசையருகே வந்தாள்.

"அவரு போயிட்டாரு" என்றாள் என்னிடம். பேனாவை எடுத்தாள். முருகவேல் என்று எழுதி, பக்கத்தில் தனம் என்று எழுதினாள். பிறகு அலுவலரிடம், "சார், இதுல இருக்கற பேர வெளிய ஒட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"ஒட்டமாட்டோம்மா. கோப்புல போயிடும்."

"அப்ப சரி" என்று சொல்லி, சுண்டல் வாங்காமல், பின்பக்கமாகப் போய்விட்டாள். எழுந்து நின்று மைக்கில் பேசியது நான். என்னைவிடப் பெரிய காரியம் செய்தது அவள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

தை மாதம் அனுமதி வந்தது. மாசியில் குழி தோண்டினார்கள். பங்குனியில் கதவு வைத்தார்கள். கொத்தனார் மேஸ்திரியிடம் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உயரம் எவ்வளவு, கொக்கி எங்கே என்பதெல்லாம் பொன்னி அக்கா சொல்லித்தான் நடந்தது. "சேலைய மாட்ட ஒரு ஆணி அடிப்பா. பை வைக்க ஒரு திண்டு. ஆம்பள கட்டினா அதெல்லாம் மறந்துடுவீங்க." தனம் இப்போதும் வருகிறாள். வீட்டில் இப்போதும் கோவில் என்றுதான் சொல்கிறாள். நாங்கள் கேட்பதில்லை.

எனக்கு ஒரு சங்கடம் மிஞ்சியது. கோவிலில் நன்றி சொல்ல வேண்டுமென்றால் எந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்ப வேண்டும் என்று தெரியும். இதற்கு யாரிடம் சொல்வது? அருணாதேவியிடம் சொன்னால், "நான் லெட்டர்தான் எழுதினேன்" என்கிறார். அலுவலர் கையெழுத்துப் போட்டார். பார்க்காத யாரோ ஒருவர் அதன்மேல் இன்னொரு கையெழுத்துப் போட்டார். கொத்தனார் கட்டினார். தெரியாத எத்தனையோ பேர் கட்டுகிற வரி அதில் இருக்கிறது. இத்தனை பேருக்கும் சேர்த்து நன்றியோடு இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நேரத்துக்கு வந்து, அமைதியாகப் படித்து, எழும்போது நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போவது ஒருவேளை அதில் ஒரு பங்காக இருக்கலாம்.

சித்ரா பௌர்ணமி அன்றைக்கு மதியத்திலிருந்தே மலையைச் சுற்றக் கூட்டம். வெயில் தாங்காமல் பல பேர் நூலகத்து நிழலில் ஒதுங்கினார்கள். செருப்பில்லாத காலோடு ஒரு பெண் படியில் நின்று, உள்ளே வரத் தயங்கி, என்னை மட்டும் சைகையால் கூப்பிட்டாள். நாற்பது வயது இருக்கும். எந்த ஊரோ. காதருகில் வந்து கேட்டாள். பின்பக்கம் காட்டினேன்.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். சுவரையும் கதவுக்கு மேலேயும் அண்ணாந்து தேடினாள்.

"யாரு உபயம்னு போடலியே?" என்றாள். "பேரு இருந்தா சாமிகிட்ட சொல்லிகினே நடப்பேன்."

"உபயம் இல்லீங்க" என்றேன். "நாங்க கேட்டோம். கட்டிக் குடுத்தாங்க."

"கேட்டா குடுப்பாங்களா?"

"கொஞ்சம் லேட்டா குடுப்பாங்க."

அவள் என்னையும், எனக்குப் பின்னால் மேசையில் இருந்தவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு சட்டென்று எங்கள் பக்கம் பார்த்துக் கைகூப்பிவிட்டாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பொன்னி அக்காதான் தேனீயிலிருந்து தலையைத் தூக்கி அதட்டினாள்.

"எங்கள ஏம்மா கும்புடற? உள்ள வா. ஃபேனுக்கு அடியில செத்த ஒக்காந்துட்டுப் போ, மலை எங்கியும் போயிடாது."